தோட்டத்து மாளிகைகள்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அவர்களை முதலில் பத்மநாபசுவாமி கோயிலுக்கு அழைத்துச் செல்கிறோம், அடுத்தது மிருகக்காட்சிசாலை. புலியைப் பார்த்து முடித்து, தோட்டத்து நிழலில் உட்கார்ந்து, “அது என்ன சிவப்புக் கட்டடம்?” என்று அவர்கள் கேட்டால், “மியூசியம்” என்று ஒரே சொல்லில் விடையளித்துவிடுகிறோம். அதற்குமேல் நமக்குத் தெரிந்தால் அன்றோ சொல்வதற்கு?

அருங்காட்சியகம் 1857-ஆம் ஆண்டு மக்களுக்குத் திறக்கப்பட்டது. உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா மன்னராக இருந்த காலம் அது. அதன் முதல் இயக்குநர் ஜான் ஆலன் புரூன். அவர் அடிப்படையில் விஞ்ஞானி. சுவாதித் திருநாள் 1837-இல் நிறுவிய வானாய்வு நிலையத்தின் தலைவராக இருந்தவர். பூமியின் காந்தத்தை அளப்பதற்காகவே நம் அகத்தியமலை உச்சியில் 1855-இல் ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். அட்டையும் மழையும் நிறைந்த அந்த மலைமேல் கருவிகளை ஏற்றியவரை எண்ணினால், மின்விசிறிக்கு அடியில் கருவியைத் திருகும் எனக்கு வெட்கமாக இருக்கிறது! அந்த வானாய்வு நிலையம் பின்னாளில் நம் பல்கலைக்கழகத்திற்கு உரியதாயிற்று.

இன்று நாம் காணும் கட்டடம் இரண்டாவது. 1874-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கட்டட வல்லுநர் இராபர்ட் சிசம். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கண்டவர்கள் அவருடைய கைவண்ணத்தை முன்பே கண்டவர்கள்தாம். ஆனால் இங்கே அவர் கேரளத்து வீடுகளின் செங்குத்தான கூரையையும் முக்கோண முகப்பையும் எடுத்துக்கொண்டு, பல நிறப் பட்டைகளோடு இணைத்தார். உள்ளே நுழைந்தால் வெயிலின் கொடுமை குறைகிறது. காரணம் பௌதிகம்தான். சூடான காற்று விரிந்து இலேசாகி மேலே செல்கிறது. உயரத்தில் வழி இருந்தால் வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து நிழற்காற்று உள்ளே வருகிறது. இருவழிகளுக்கும் இடையே உள்ள உயரம் நான்கு மடங்கானால் காற்றின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். உயர்ந்த கூரை வெறும் ஆடம்பரம் அன்று என்பது இதனால் விளங்கும்.

அருகிலேயே, 1935-இல் திறந்த ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம். இராஜா ரவிவர்மாவின் ஓவியங்களால் புகழ்பெற்றது. அவருக்கெனத் தனிக்கூடமே 2023-இல் இவ்வளாகத்தில் எழுந்துவிட்டது. சாலைக்கு அப்பால் குன்றின்மேல் கனகக்குன்று அரண்மனை. ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் விருந்துகளுக்காக எழுந்த மாளிகை. இப்போது சுற்றுலாத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நம்மவர் அங்கே மலர்க்காட்சிக்குப் போவார்கள். மாளிகையைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கட்டடம் தானாகப் பேசாது. பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் குதிரைமாளிகையில் வழிகாட்டி உடன் வருகிறார். மேலே இறவாணத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளை அவர் சுட்டிக்காட்டாவிட்டால் எத்தனைபேர் தலை நிமிர்ந்திருப்பர்?

ஒரு மாளிகையில் (பெயர் வேண்டாம்) வழிகாட்டியின் பின்னே சென்றுகொண்டிருந்தேன். மலையாளத்தில் விளக்கம் விரைவாக நடந்தது. நாகர்கோயிலிலிருந்து வந்த பாட்டி ஒருவர் என் கையைத் தொட்டு, “அவரு என்ன சொல்லுதாரு மக்கா?” என்றார். திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டாண்டு ஆன எனக்குத் தெரிந்த மலையாளத்தை வைத்துச் சொன்னேன். சிறிது நேரத்தில் என்னைச் சுற்றி ஏழெட்டுப்பேர். பாட்டி அடுத்துக் கேட்டார்: “ராசா பேரு சரி, இத செஞ்ச ஆசாரிமாரு எந்த ஊரு?” நான் வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குச் சென்றார்.

அந்தக் கேள்வி நியாயமானது. 1956 நவம்பர் 1 வரை தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் இந்த நாட்டைச் சேர்ந்தவை. நாஞ்சில் நாடே திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பாட்டியின் முன்னோர் கட்டிய வரியும் இந்த நாட்டின் கருவூலத்திற்குத்தான் வந்தது. அவர் இங்கே வேடிக்கை பார்க்க வந்த அந்நியர் அல்லர்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துப் பூங்காவைப் பாருங்கள். குடிநீர் தரும் ஆறு கெடாமலிருக்கக் கரையோரத் தோட்டமொன்றை 1844-இல் நகராட்சி வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே பேர்மவுண்ட் பூங்கா. அதற்குள் அகப்பட்ட செல்வர்களின் பழைய வீடுகள் இன்று காட்சியகங்கள். அவற்றைச் சுற்றிக்காட்டியவர்களில் தொண்டர்கள் பலர். சம்பளம் வாங்காதவர்கள்!

நாமும் செய்யலாம். ஒருவர் ஒரு கட்டடத்தை நன்கு கற்றால் போதும். ஆண்டுகளை ஒப்புவிக்க வேண்டாம். கூரையைக் காட்டிய பிறகு காற்றைப் பற்றிச் சொல்லுங்கள். கேள்விக்கு விடை தெரியாவிட்டால் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். பொறுப்பாளர்களின் இசைவை முன்னதாகவே பெறவேண்டும். அருங்காட்சியகத்திற்குத் திங்கட்கிழமை விடுமுறை; ஆகவே ஞாயிறு காலை நமக்கு ஏற்றது. சேர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். நேப்பியர் கட்டடத்தை நான் எடுத்துக்கொண்டேன். கனகக்குன்றுக்கு ஆள் வேண்டும்.