காற்றா குற்றவாளி?

புயல் வருகிறது, ஊரே கதவடைத்துக் கொள்கிறது. ஒரு சிலர் மட்டும், கூரைமேல் சுழலும் கிண்ணக் கருவி காட்டும் எண்ணையும், சுவரில் தொங்கும் காற்றழுத்தமானியின் முள்ளையும் பார்த்தபடி, பென்சிலும் தாளுமாக விடியவிடிய விழித்திருக்கின்றனர். "உயிர் தப்பினால் போதும் என்று எண்ண வேண்டிய வேளையில், காற்றுக்குக் கணக்கெழுதிக் கொண்டிருக்கிறார்களே, இவர்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று ஏளனம் பேசுவோர் எந்நாட்டிலும் உண்டு.

பேசட்டும்! ஆனால், அந்தக் கணக்கு யாருக்குப் பயன்பட்டது, யாருடைய குட்டை வெளிப்படுத்திற்று என்பதையும் சற்றே கேட்கட்டும். அமெரிக்க நாட்டுப் புளோரிடா மாநிலத்திலே நடந்தது அது.

1992-ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள். பொழுது விடியுமுன்னே, 'ஆண்ட்ரூ' என்று பெயரிடப்பட்ட பெரும்புயல், மயாமி நகருக்குத் தெற்கே கரையேறிற்று. அட்லாண்டிக் கடலில் பிறக்கும் இத்தகைய புயலை அங்கே 'ஹரிக்கேன்' என்பர். புயல்களைக் கண்காணிக்கும் அரசின் தேசியப் புயல் மையமே அப்போது பக்கத்திலுள்ள கோரல் கேபிள்ஸ் நகரில்தான் இருந்தது. அந்த மையத்தின் கூரையிலிருந்த கருவி, மணிக்கு 264 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஒரு வீச்சைப் பதிவு செய்தது. அதே கூரையிலிருந்த ராடாரையும் காற்று பெயர்த்தெறிந்தது. கடலிலே, பௌவி ராக்ஸ் என்னுமிடத்திலிருந்த தானியங்கிக் கருவி 272 கிலோமீட்டர் வீச்சைத் தெரிவித்தது. சிறிது நேரத்தில் அதுவும் ஊமையாயிற்று.

புயலின் கண்ணைச் சுற்றி ஒரு மதில்போல் மேகம் சுழலும். காற்றின் கொடுமை உச்சம் கொள்வது அங்கேதான். அந்த மதிலின் வடபகுதி ஏறி மிதித்த வட்டாரத்திலே பெரின் என்றோர் ஊர். அங்கே ஒரு வீட்டுக்காரர், தம் சொந்த ஆர்வத்தால், கூரைமேல் காற்றுவேகமானி ஒன்றைப் பொருத்தியிருந்தார். அரசு ஊழியர் அல்லர். வானிலை நிலையம் அவருக்குச் சம்பளம் தரவில்லை. அந்த இரவில் அவர் கண்டு குறித்த வீச்சு மணிக்கு 341 கிலோமீட்டர்! அடுத்து, காற்றை எதிர்த்து நின்ற அவர் வீட்டுச் சுவரின் ஒரு பகுதியே உடைந்தது. அதற்குமேல் கருவியைப் பார்க்க வழியில்லை.

அரசின் கருவிகள் அடங்கிப்போன இரவிலே, ஒரு குடிமகனின் கருவி பேசிற்று!

பேசியதை என்ன செய்தார்கள்? "ஆகா, 341!" என்று கைதட்டி நம்பிவிட்டார்களா? இல்லை. "வீட்டுக் கருவிதானே, விட்டுத் தள்ளு" என்று ஒதுக்கினார்களா? அதுவும் இல்லை. அதே வகைக் கருவிகள் மூன்றை வர்ஜீனியாவிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, செயற்கைக் காற்றை ஊதும் சோதனைக் குழாயிலே வைத்துப் பார்த்தார்கள். அவ்வளவு உயர்ந்த வேகத்தில் அவ்வகைக் கருவி சற்று மிகுதியாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. திருத்திக் கணக்கிட்டபோது, வீச்சு சுமார் 285 கிலோமீட்டர் என்று முடிவாயிற்று. கோரல் கேபிள்ஸ் கூரையிலும் பௌவி ராக்ஸிலும் பதிவானவற்றை விஞ்சிய வீச்சு அது! புயல் மையத்தின் அறிக்கையிலே அந்தக் குடிமகனின் அளவுக்கு இடம் தந்தார்கள். சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது சரியா என்று பார்த்தார்கள். பகுத்தறிவு என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோமே, அது இதுதான்!

"341 ஆனால் என்ன, 285 ஆனால் என்ன? வீடு போனது போனதுதானே!" என்பவர் உண்டு. அங்கேதான் இருக்கிறது செய்தி.

காற்றின் வேகம் இரட்டித்தால், சுவர்மீது அது செலுத்தும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 285-க்கும் 341-க்கும் இடையே வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வேறுபாடு. விசையிலோ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேறுபாடு. ஆகவே, எந்தத் தெருவில் எவ்வளவு காற்று வீசிற்று என்று தெரியாமல், எந்த வீடு நியாயமாக விழுந்தது, எந்த வீடு அநியாயமாக விழுந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

அநியாயமாக விழுந்த வீடும் உண்டா? உண்டு, தோழர்களே! ஏராளமாக உண்டு!

டேட் மாவட்டத்தில் மட்டும் 25,000-க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவை சேதமுற்றன. ஆங்கிலச் சட்டமொழியிலே இத்தகைய இயற்கைப் பேரிடருக்குப் பெயரே 'கடவுளின் செயல்' என்பது. எவ்வளவு வசதியான பெயர்! கடவுள் செயல் என்று சொல்லிவிட்டால், கட்டியவனைக் கேட்க முடியுமா? மேற்பார்வையிட்டு ஒப்பமிட்ட அதிகாரியைக் கேட்க முடியுமா? பழியைக் காற்றின் தலையில் ஏற்றிவிட்டு, பணத்தைப் பையிலே போட்டுக்கொண்டு நடக்கலாம் அல்லவா?

அப்படி நடந்துபோக விடவில்லை ஓர் ஏடு. 'மயாமி ஹெரால்ட்' இதழின் செய்தியாளர் ஸ்டீவ் டாய்க், இடத்துக்கு இடம் வீசிய காற்றின் வேகத்தை ஒரு பக்கமும், ஒவ்வொரு வீட்டின் சேதத்தையும் அது கட்டப்பட்ட ஆண்டையும் மறுபக்கமும் வைத்துக் கணிப்பொறியின் துணையுடன் ஒப்பிட்டார். காற்றுக்கு ஏற்றபடி சேதம் இருந்திருந்தால், குற்றம் காற்றின்மீது. இருந்ததா? இல்லை! வேகம் குறைந்த இடங்களிலும் வீடுகள் நொறுங்கிக் கிடந்தன. அதைவிடக் கொடுமை, பழைய வீடுகளைவிட 1980-க்குப் பின் எழுந்த புதிய வீடுகளே மிகுதியாக வீழ்ந்திருந்தன. பாட்டன் கட்டிய வீடு நிற்கிறது. பேரன் கடன்பட்டு வாங்கிய வீடு காணாமற் போகிறது!

காரணம் என்ன? கூரைப் பலகைகளை ஆணி அடித்து இறுக்குவதற்குப் பதில், 'ஸ்டேப்பிள்' எனும் கம்பி ஊசிகளால் தைத்திருந்தார்கள். அந்த ஊசிகளிலும் பல, கீழேயுள்ள மரச்சட்டத்தில் இறங்காமல் வெற்றிடத்தில் தொங்கின. தென் புளோரிடாவின் கட்டட விதிகள் அந்நாட்டிலேயே கடுமையானவை என்று பெயர் பெற்றவை. ஏட்டிலே விதி இருந்தது. கூரையிலே ஆணி இல்லை! அரைகுறைக் கட்டுமானத்தையும், அதைக் கண்டும் காணாத சோதனை முறையையும் அந்த ஏடு அம்பலப்படுத்திற்று. பொதுநலத் தொண்டுக்கான புலிட்சர் பரிசு 1993-இல் அதற்கு வழங்கப்பட்டது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஹோம்ஸ்டெட் நகரில், வசதி குறைந்தோர் வாழும் நடமாடும் வீடுகள் என்பவை 1,176 இருந்தன. தகரமும் மெல்லிய பலகையுமாகத் தொழிற்சாலையிலே செய்து, கொண்டுவந்து நிறுத்திய வீடுகள் அவை. புயலுக்குப்பின் அவற்றில் 1,167 அடியோடு அழிந்திருந்தன. மிஞ்சியவை ஒன்பதே ஒன்பது! புயல் பாகுபாடு பார்ப்பதில்லை என்பார்கள். உண்மைதான், பாகுபாடு புயலுக்கு முன்பே, சுவரின் கனத்திலும் கூரையின் உறுதியிலும் செய்து முடிக்கப்பட்டுவிடுகிறது!

எண்ணின் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்ட்ரூவின் நீடித்த வேகம், அதாவது ஒரு நிமிடச் சராசரி, கரையேறியபோது 233 கிலோமீட்டர் என்றே முதலில் முடிவு செய்திருந்தனர். நான்காம் வகைப் புயல் என்றனர். உயரே பறந்த விமானம் அளந்த காற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் தரையில் வீசும் என்பது அன்றைய கணிப்பு. 1997 முதல், விமானத்திலிருந்து விழும்போதே வேகத்தை அளந்து சொல்லும் நுண்கருவிகளைப் புயல்களுக்குள் இறக்கினர். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காற்று கீழே வருகிறது என்று அவை காட்டின. ஆகவே, பத்தாண்டு கழித்து, 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆண்ட்ரூவின் வேகம் 266 கிலோமீட்டர் என்று திருத்தப்பட்டது. அது ஐந்தாம் வகைப் புயலாயிற்று.

"பார்த்தீர்களா, புயல்தான் பெரிது, கட்டியவர்கள் பாவம்!" என்று யாரேனும் துள்ளினால், பொறுங்கள் என்று சொல்வோம். உச்ச வேகம் வீசியது கரையோரத்தின் ஒரு சிறு பகுதியிலேதான். அதற்கு வெகுதூரத்தில் கழன்று பறந்த கூரைக்கு அந்த எண் அடைக்கலம் தராது. அதனால்தான் ஒரே ஓர் உச்ச எண் போதாது; ஊர்தோறும், தெருதோறும் அளவு வேண்டும் என்கிறோம். அதைத் தரக்கூடியவர்கள் யார்? பெரின் வீட்டுக்காரரைப் போன்ற ஆர்வலர்கள்தாமே!

பின்னாளிலும் அவர்கள் பயன்பட்டனர். 2015-ஆம் ஆண்டு அக்டோபரில், மெக்சிகோ நாட்டின் மேற்கே கடலில், 'பாட்ரிசியா' என்ற புயல் மணிக்கு 345 கிலோமீட்டர் வேகம் கொண்டு உலகையே மிரட்டிற்று. அது கரையேறிய இடமோ மக்கள் குறைந்த கடற்கரை. ஜோஷ் மார்கர்மன் என்ற புயலார்வலர் அங்கே சென்று தம் கருவியில் பதிந்த காற்றழுத்தத்தைத் தந்தார். புயல் மையத்தின் ஆய்வறிக்கை அதையும் எடுத்தாண்டது. கரையேறும்போது வேகம் 266 என்று முதலில் அறிவித்திருந்ததை, பின்னர் 240 என்று அந்த மையமே குறைத்துக் கொண்டது. கூட்டவும் தயங்கவில்லை, குறைக்கவும் தயங்கவில்லை. அறிவின் பெருமை அது! ஒன்று மட்டும் ஆர்வலர்க்குச் சொல்வோம்: கருவி வெளியே நிற்கட்டும், நீங்கள் உறுதியான சுவருக்குள் இருங்கள்.

கிடைத்த பயன் என்ன? நடமாடும் வீடுகளுக்கான காற்றுத் தாங்கும் விதிகள் 1994-இல் கடுமையாக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு மார்ச்சில் புளோரிடா முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது. உயிரும் உடைமையும் போனபிறகு வந்த விதிதான். ஆயினும், "எல்லாம் தலைவிதி" என்று புலம்பிக் கிடந்திருந்தால் அதுவும் வந்திராது.

காற்றைக் கூண்டிலே ஏற்ற முடியாது. கலவையில் களவு செய்தவனை ஏற்றலாம். கண்மூடிக் கையெழுத்திட்டவனை ஏற்றலாம். அதற்குச் சாட்சி வேண்டும். இரவெல்லாம் விழித்திருந்து எண்ணைக் குறித்துவைத்தவனே அந்தச் சாட்சி. அவனை வேலையற்றவன் என்று ஏசாதீர்! அவன் தாளிலிருக்கும் எண், ஏழையின் கூரைக்கு ஓர் ஆணி!