வானலை வாய்க்காலில் முறை

நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களில் வேளாண்மை செய்வோருக்குத் தண்ணீர் முறையைப் பற்றி எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டுவதில்லை. வாய்க்கால் ஒன்று; அதனை நம்பிய வயல்களோ பல. இன்னாருக்கு இன்ன வேளையில் தண்ணீர் என்று வட்டவிதானை வகுத்து வைப்பார். மேற்பக்கத்து வயற்காரர் தம் முறை முடிந்த பின்னும் வக்கடையை அடைக்காது விட்டால், அவருக்கு எக்குறையும் தோன்றாது. அவர் கண்முன் நிற்பது நீர் நிறைந்த வயலே. பயிர் வாடுவது, அவர் கண்ணுக்கு எட்டாத கடைசி வயலில்.

நேயர்களே, இத்தகைய வாய்க்கால் ஒன்று நம் தலைக்கு மேலேயும் ஓடுகின்றது. அதிலே முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் மக்களைப் பற்றியதே இன்றைய பேச்சு.

வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பும்போது நாம் கடந்து செல்லும் வானலைப் பரப்பு, பலருக்கும் பங்கிடப்பட்ட பரப்பாகும். ஒலிபரப்பு நிலையங்களுக்கு ஒரு பங்கு, கப்பல்களுக்கு ஒரு பங்கு, விமானங்களுக்கு ஒரு பங்கு என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதனை வகுத்திருக்கின்றது. கூலியும் இலாபமும் கருதாது, கற்கும் ஆவலினால் தம் வீட்டிலேயே நிலையம் அமைத்துப் பிற நாட்டாரோடு உரையாடும் அமெச்சூர் வானொலியாளர்க்கும் சில துண்டுகள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது 20 மீற்றர் அலைப்பட்டை. அது 14,000 கிலோஹேர்ட்ஸ் முதல் 14,350 வரை நீள்வது. அகலம் 350 கிலோஹேர்ட்ஸ் மாத்திரமே. மனிதக் குரல் ஒன்றைச் சுமந்து செல்ல ஏறத்தாழ 3 கிலோஹேர்ட்ஸ் வேண்டும். ஆகவே பட்டை முழுவதையும் பேச்சுக்கே கொடுத்தாலும், ஒன்றையொன்று நெருக்காது ஒரே வேளையில் நடைபெறக்கூடிய உரையாடல்கள் நூறுக்குச் சற்று மேலேதான் இருக்கும். உலகிலுள்ள அமெச்சூர் வானொலியாளரோ பல இலட்சம் பேர்.

இந்த ஒடுங்கிய இடத்திலே பேச்சாளரோடு மற்றொரு வகையாரும் பங்கு கேட்கின்றனர். அவர்கள் மனிதர் அல்லர், இயந்திரங்கள். ஆங்கிலத்திலே பீக்கன் எனப்படும் இவற்றை வானலையின் கலங்கரை விளக்கங்கள் எனலாம். மட்டக்களப்பு முகத்துவாரத்துக் கலங்கரை விளக்கம் எவரோடும் உரையாடுவதில்லை. தான் இருக்கும் இடத்தை மாத்திரம் அறிவிக்கின்றது. பீக்கனும் அவ்வாறே தன் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். சிற்றலைகள் தொலைதூரம் செல்வது, வானத்தின் உயரத்திலுள்ள அயன மண்டலத்தில் பட்டு வளைந்து மீண்டும் நிலத்துக்குத் திரும்புவதனாலேயே. அம்மண்டலமோ சூரியனின் கதிர்களால் உண்டாவது. பகலில் ஒரு விதம், இரவில் ஒரு விதம். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகளுக்கு ஏற்ப மற்றொரு விதம். காலையில் யப்பானுக்குத் திறந்திருந்த வழி மாலையில் அடைபட்டு, ஐரோப்பாவுக்குத் திறக்கலாம். இந்நிலையில் ஒருவர் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்கும்போது பட்டை அமைதியாக இருந்தால், அவர் என்ன முடிவுக்கு வருவது? வழி அடைபட்டிருக்கலாம். அல்லது, வழி திறந்தே இருக்க, உலகெங்குமுள்ள நண்பர்கள் எல்லாரும் அவரைப் போலவே பேசாது கேட்டுக்கொண்டு மாத்திரம் இருக்கலாம். இரண்டு மௌனங்களும் காதுக்கு ஒன்றே. அவற்றைப் பிரித்துக் காட்டுவது பீக்கனின் பணி.

1979 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வட கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெச்சூர் அமைப்பொன்றின் முயற்சியால் 14,100 கிலோஹேர்ட்ஸில் இத்தகைய நிலையமொன்று தொடங்கப்பெற்றது. பின்னர் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியமும் கைகொடுக்க, அம்முயற்சி விரிந்து உலகெங்கும் 18 நிலையங்களைக் கொண்ட திட்டமாயிற்று. அவற்றுள் ஒன்று நம் நாட்டுக்கு உரியது என்பது நமக்குப் பெருமை தருவது. 4எஸ்7பி என்னும் அழைப்புக்குறியைக் கொண்ட அந்நிலையம், இலங்கை வானொலிச் சங்கத்தின் பொறுப்பில் கொழும்பில் அமைக்கப்பட்டது.

பதினெட்டு நிலையங்களுக்கும் 14,100 என்ற ஒரே புள்ளிதான். ஒரே புள்ளியில் பதினெட்டு பேர் எவ்வாறு நிற்பது? இங்கேதான் முறை வருகின்றது. ஒவ்வொரு நிலையத்துக்கும் 10 விநாடி. பதினெட்டு முறையும் சுற்றி வர 180 விநாடி, அதாவது 3 நிமிடம். மணி தொடங்கியதும் நியூயோர்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் சபை நிலையம் ஆரம்பிக்கும். ஒரு நிமிடம் கழித்து யப்பான். 1 நிமிடம் 20 விநாடியில் ஹொங்கொங். 1 நிமிடம் 30 விநாடியில் கொழும்பு. அதன்பின் தென்னாபிரிக்கா, கென்யா எனத் தொடர்ந்து இறுதியில் வெனிசுவேலா. பின்பு மீண்டும் முதலிலிருந்து. தன் முறை முடிந்த நிலையம் 18,110, 21,150, 24,930, 28,200 என்னும் பிற நான்கு இடங்களுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிச் சென்று, அங்கும் பத்துப் பத்து விநாடி ஒலித்த பின் ஓய்ந்திருக்கும். செயற்கைக்கோள் தரும் நேரத்தைக் கொண்டு கடிகாரங்கள் ஒழுங்குபடுத்தப்படுவதால் ஒருவர் முறையில் மற்றவர் புகுவதில்லை. ஒரு நிலையம் பழுதுற்றிருந்தால் அதன் பத்து விநாடி வெறுமையாகவே கழியும். அந்த இடத்தை வேறெந்த நிலையமும் எடுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பத்து விநாடிக்குள் நிகழ்வதும் கவனிக்கத்தக்கது. முதலில் மோர்ஸ் குறியில் நிலையத்தின் பெயர். பின்பு ஒவ்வொரு விநாடி நீளமுள்ள நான்கு கோடுகள். பெயரும் முதற்கோடும் 100 உவாற்று வலுவில். இரண்டாவது 10 உவாற்று. மூன்றாவது 1 உவாற்று. நான்காவது பத்தில் ஒரு பங்கு உவாற்று. மூன்றாவது கோடு வரை ஒருவர் காதில் விழுந்தால், அவ்வேளையில் அந்நாட்டுக்கு 1 உவாற்றே போதும் என்று பொருள். ஒரு சிறு மின்சூள் விளக்குக்கு வேண்டிய வலு கடல்களைக் கடந்து செல்வதை வேறு எவ்விதத்தில் இத்துணை எளிதாக அறிய முடியும்?

இனி, இதற்காகப் பேச்சாளர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று பார்ப்போம். 14,099 முதல் 14,101 வரையுள்ள 2 கிலோஹேர்ட்ஸ். அதாவது, 350 கிலோஹேர்ட்ஸ் பட்டையில் 175 இல் ஒரு பங்கு. பதினெட்டு நாட்டு விளக்கங்களும் சேர்ந்து கொண்ட இடம், ஒரு மனிதர் வாய்திறந்து பேச வேண்டிய இடத்திலும் குறைவு. எனினும் இந்த எல்லை, சங்கங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டினாலேயே பெரிதும் நிலைத்திருக்கின்றது. காவற்காரர் இல்லாத வரம்பு அது.

ஆகவே வரம்பு மீறலும் நிகழ்கின்றது. வார இறுதிகளில் போட்டிகள் நடக்கும்போது பட்டை நிரம்பி வழியும். ஒருவர் முள்ளைத் திருப்பிக்கொண்டே வந்து 14,100 ஐ அடைகின்றார். சில விநாடி கேட்கின்றார், ஒன்றும் கேட்கவில்லை. வெற்றிடம் என்று எண்ணிப் பேசத் தொடங்குகின்றார். அவரிடம் தீய எண்ணம் இல்லை; ஆயினும் தவறு நிகழ்ந்துவிடுகின்றது.

எவ்வாறு என்பதை நாவிதன்வெளியில் இருந்துகொண்டே விளக்கலாம். இங்கிருந்து கொழும்பு நேர்வழியே ஏறத்தாழ 220 கிலோமீற்றர். 14 மெகாஹேர்ட்ஸ் அலை நிலத்தை ஒட்டி அவ்வளவு தூரம் வர வலுவற்றது; வானத்துக்கு ஏறித் திரும்பும் அலையோ பல வேளைகளில் இவ்வூரையும் கடந்து, வங்கக் கடலுக்கு அப்பாலே போய் விழும். ஆதலின் ஹொங்கொங்கையும் யப்பானையும் தெளிவாகக் கேட்கும் ஒருவருக்கு நம் கொழும்பு நிலையம் கேளாமற் போதல் வியப்பன்று. ‘கொழும்பின் பத்து விநாடி காலியாகவே உள்ளது’ என்று எண்ணி அவர் பேசினால், அவருடைய குரலும் அதே கடலைத் தாண்டிச் சென்று, யப்பானிலே கொழும்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் காதில் அந்த மெல்லிய கோடுகளை மூடிவிடும். தாம் ஒருபோதும் கேட்டிராத குரலை, தாம் ஒருபோதும் காணாத ஒருவரிடமிருந்து அவர் பறித்துவிடுகின்றார். கடைசி வயலின் கதையும் இதுவேயன்றோ? எனக்குக் கேட்கவில்லை என்பதனால் அங்கு எவரும் இல்லை என்று ஆகிவிடாது.

பேச்சாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அமெச்சூர் வானொலி மனிதர் மனிதரோடு பேசுவதற்கே ஏற்பட்டது. ஆளற்ற இயந்திரங்கள் இடத்தை நிரப்பினால் மனிதர் எங்கே போவர் என்று அவர்கள் கேட்பது பொருத்தமானதே. பட்டை ஒடுங்க ஒடுங்க இக்கேள்வி கூர்மையாகின்றது. 2015 ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டில் உலக அளவில் அமெச்சூர்களுக்கு வழங்கப்பெற்ற 60 மீற்றர் பட்டை 15 கிலோஹேர்ட்ஸ் அகலமே உடையது. அருகருகே ஐந்து குரல்களுக்குத்தான் இடம். அங்கே இடைவிடாது ஒலிக்கும் பீக்கன் ஒன்று நின்றால், அது வழிகாட்டியாகாது. வழியில் கிடக்கும் மரமாகும். 1993 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவரும் அமெச்சூர் வானொலியாளருமான யோசப் டெய்லர், 2008 இல் வகுத்தளித்த விஸ்பர் என்னும் முறை இதற்கு ஒரு வழி காட்டியது. அதிலே ஒரு நிலையம் கொள்ளும் அகலம் 6 ஹேர்ட்ஸ். 200 ஹேர்ட்ஸுக்குள் பலரும் அடங்குவர். ஒருமுறை ஒலித்தால் இரண்டு நிமிடத்துக்குள் ஓய்ந்து, பிறருக்கு இடம் விடுவர். உரையாடலே எசமான், பீக்கன் அதன் ஏவலாள் என்பதை இம்முறை மறக்கவில்லை. ஏவலாள் கொள்ளும் இடம் சிறியதாக இருத்தல் வேண்டும். அச்சிறிய இடத்தை எசமான் பறியாதிருத்தலும் வேண்டும்.

இது பொழுதுபோக்குக்காரரின் வழக்கு, நமக்கென்ன என்று நேயர்கள் நினைக்கலாம். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியை இக்கரையோரத்து முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடினால் கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையே போக்குவரத்து நின்றுபோவதையும் பலமுறை கண்டிருக்கின்றோம். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி வந்தபோது, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது உள்ளிட்ட இம்மாவட்டக் கரையோரமே இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது. அந்நாட்களில் இலங்கை வானொலிச் சங்கத்தார் அம்பாந்தோட்டைக்குச் சென்று, தம் சிற்றலைக் கருவிகளால் கொழும்புடன் செய்தித்தொடர்பை ஏற்படுத்தினர். அந்தமானின் போர்ட் பிளேயரில், வெளிநாட்டு நண்பர்களோடு உரையாடவென்று நிலையம் அமைத்திருந்த பாரதி பிரசாத் அம்மையார், அந்நிலையத்தையே துயர்துடைப்புப் பணிக்குத் திருப்பினார்.

அத்தகைய வேளையில் கருவி மாத்திரம் போதாது; எவ்வழி திறந்திருக்கின்றது என்ற அறிவும் வேண்டும். அருகிலுள்ள ஊருக்குத் தாழ்ந்த அலையா, தொலைநாட்டுக்கு உயர்ந்த அலையா என்பதை நொடியில் தேர்ந்தெடுப்பவர், நல்ல நாட்களிலே நாள்தோறும் கேட்டுப் பழகியவர். 14,300 கிலோஹேர்ட்ஸ் உலகெங்கும் ஆபத்துக்காலச் செய்திகளுக்கென நினைவில் வைக்கப்பட்டிருப்பதும் இத்தகைய உடன்பாட்டினாலேயே. பீக்கனின் பத்து விநாடிக்கு இன்று ஒதுங்கப் பழகியவரே, ஆபத்தில் கூப்பிடுவோரின் மெலிந்த குரலுக்கும் நாளை ஒதுங்குவார்.

மோர்ஸ் ஒலியைக் கேட்கும் வசதியுள்ள சிற்றலைப் பெட்டி கிடைக்கப்பெற்றவர்கள், சரியான கடிகாரம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு மாலையில் 14,100 க்கு முள்ளைத் திருப்பி மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். சில முறைகளில் ஒலி வரும். சில முறைகளில் இரைச்சல் மாத்திரமே வரும். அந்த இரைச்சலுக்கு அடியிலும் தன் முறை தவறாது ஒருவர் பேசிக்கொண்டிருக்கக் கூடும். உங்களுக்குக் கேளாவிட்டாலும், எங்கோ ஒருவர் அதனைக் கேட்டுக்கொண்டிருப்பார்.