தாத்தா குரல் பிஸ்கட் டப்பாவுக்குள்ள இருக்கு!

பாஸ், போனை ஒரு நிமிஷம் கீழ வைங்க. எழுந்து போய் உங்க வீட்டு பீரோவோட மேல் தட்டைப் பாருங்க. கல்யாண ஆல்பத்துக்குப் பின்னாடி, அந்துருண்டை வாசனையோட ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். அதுக்குள்ள தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா, குட்டிக் குட்டியா கேசட் இருக்கா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். அவசரமும்கூட!

எங்க வீட்டு டப்பாவுல மூணு கேசட் இருந்துச்சு. எங்க ஊர் குள்ளஞ்சாவடி. கடலூர்ல இருந்து விருத்தாசலம் பஸ் ஏறினா, நெய்வேலிக்கு முன்னாடியே வந்துடும். சிங்கப்பூர்ல வேலை பார்த்த என் மாமா, லீவுக்கு வந்தப்போ ஒரு சோனி ஹேண்டிகேம் வாங்கிட்டு வந்தார். 2007 சித்திரை, ஒரு வெள்ளிக்கிழமை, எங்க முந்திரித் தோப்புல எனக்குக் காதுகுத்து. எனக்கு அப்ப ரெண்டு வயசு. வீடியோ எடுத்தது மாமாதான். அவர் ஊருக்குத் திரும்பினப்போ கேமராவை எங்க வீட்டுலேயே விட்டுட்டுப் போயிட்டார். அதோட சரி, அந்தக் கேசட்டை யாரும் போட்டுப் பார்க்கலை.

2011 டிசம்பர் 30. தானே புயல். கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்கு இந்தத் தேதியை ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் ஒரே காலையில வேரோட சாஞ்சு போச்சு. எங்க தோப்பும்தான். அதுக்கு அடுத்த வருஷம் தாத்தாவும் போயிட்டார். அவர் முகம் எனக்கு போட்டோவுல தெரியும். குரல்? சுத்தமா ஞாபகம் இல்லை.

‘கல்யாண வீடியோ இருக்குமே, அதுல கேட்டிருக்கலாமே’ன்னு கேட்பீங்க. நல்லாக் கேட்டீங்க! அப்பா அம்மா கல்யாண கேசட்டை ஒருமுறை போட்டுப் பாருங்களேன். பூ மழையா கொட்டும், இதயத்துக்குள்ள மாப்பிள்ளை சுத்துவார், ஸ்விட்சர்லாந்து மலை மேல பொண்ணு நிப்பாங்க. ஆனா, யார் என்ன பேசினாங்கன்னு ஒரு வார்த்தை கேட்காது. மொத்தத்துக்கும் மேல சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருப்பாங்க. எங்க வீட்டு கல்யாண கேசட்டை ஒரு கடையில டி.வி.டி.யா மாத்தக் கொடுத்தோம். ஏதோ ஓரத்துல மிச்சம் இருந்த நாதஸ்வர சத்தத்தையும் எடுத்துட்டு, அங்கேயும் ஒரு பாட்டைப் போட்டுக் கொடுத்தாங்க. அன்பளிப்பாம்! அதனாலதான் சொல்றேன், புரொஃபஷனல் எடுத்த வீடியோவை விட, ஆடி ஆடி எடுத்த வீட்டு வீடியோதான் பொக்கிஷம். அதுலதான் மனுஷங்க பேசுவாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். நான் இ.சி.இ. மூணாவது வருஷம். ‘ஒரு கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துறது என்ன பெரிய விஷயம்’னு கெத்தா ஆரம்பிச்சேன். மூணு வாரம் ஆச்சுங்க!

முதல் பல்பு, யு.எஸ்.பி. ஒயர். கேமராவுல அந்த ஓட்டை இருந்துச்சு, சொருகினேன். மெமரி கார்டுல இருந்த நாலு மங்கலான போட்டோ வந்துச்சு. கேசட்டுல இருக்கிற வீடியோ வரவே இல்லை. அந்தக் காலத்து மினிடிவி கேமராக்கள் நிறையவற்றில் யு.எஸ்.பி. போட்டோவுக்குத்தான். வீடியோ முழுத் தரத்தோட வெளியே வர்ற வாசல் வேற. மூடியைத் திறந்தா ‘டிவி’ அல்லது ‘ஐ-லிங்க்’னு எழுதின ஒரு குட்டிச் சதுர ஓட்டை இருக்கும். அதுதான் ஃபயர்வயர். உங்க லேப்டாப்புல அது இருக்கவே இருக்காது. 2025-ல வந்த மேக் ஓ.எஸ். 26-ல ஆப்பிளே அதைக் கைகழுவிடுச்சு. இத்தனைக்கும் ஃபயர்வயரைப் பெத்து வளர்த்ததே ஆப்பிள்தான்! லினக்ஸ்காரங்க மட்டும் 2029 வரைக்கும் பார்த்துக்கிறோம்னு திட்டம் போட்டு வெச்சிருக்காங்க.

அப்போ எங்கே போறது? கல்யாண வீடியோ எடுக்கிற பழைய ஸ்டுடியோவுக்குப் போங்க. ஒரு காலத்துல அவங்க எடிட்டிங் பண்ணினதே இந்த ஒயர் வழியாத்தான். நெய்வேலி டவுன்ஷிப்ல ஒரு ஸ்டுடியோ அண்ணன்கிட்ட, “அண்ணா, ஃபயர்வயர் கார்டு போட்ட கம்ப்யூட்டர் இருக்கா?”ன்னு கேட்டேன். மேலயும் கீழயும் பார்த்தார். “அந்தப் பேரைக் கேட்டே பத்து வருஷம் ஆச்சேம்மா!” உள்ளே போய், தூசி படிஞ்ச எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஒண்ணைத் தூக்கிட்டு வந்தார். ஆன் ஆச்சு! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அவர் கத்துக்கொடுத்ததையும், நான் படிச்சதையும் கலந்து சொல்றேன், குறிச்சுக்கோங்க. கேசட்டை உள்ளே போடுறதுக்கு முன்னாடி அதோட முதுகைப் பாருங்க. ‘ரெக்’, ‘சேவ்’னு ஒரு குட்டி நகர்த்தி இருக்கும். அதை ‘சேவ்’ பக்கம் தள்ளிடுங்க. பழக்கதோஷத்துல சிவப்பு பட்டனை அழுத்தி, தாத்தா மேல உங்க மூஞ்சியைப் பதிவு பண்ணிடக் கூடாது பாருங்க. அடுத்து, கேசட்டோட கண்ணாடி வழியா டேப்பைப் பாருங்க. வெள்ளையா பொடி மாதிரி தெரிஞ்சா அது பூஞ்சை. நம்ம கடலோரக் காத்துக்கு இது சர்வசாதாரணம். அப்படி இருந்தா ப்ளேயரில் போடவே போடாதீங்க. டேப் கிழியும், ஹெட்டும் நாறும், அடுத்து போடுற கேசட்டுக்கும் ஒட்டிக்கும். சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க கையில கொடுங்க.

டேப் நல்லா இருந்தா, முதல்ல கடைசி வரைக்கும் ஓட்டி, திரும்ப முதலுக்குச் சுத்துங்க. வருஷக்கணக்கா ஒரே நிலையில இறுகிக் கிடந்த டேப் கொஞ்சம் தளரும். ஒயரைச் சொருகும்போது ரெண்டும் ஆஃப்ல இருக்கட்டும். கம்ப்யூட்டர் பக்கத்து ஆறு பின் வழியா கரன்ட் வரும், கோணலா சொருகினா கேமராவோட வாசல் நிரந்தரமா மூடிடும். அப்புறம் ‘வின்டிவி’ன்னு ஒரு குட்டி இலவச மென்பொருள் போதும். ப்ளே, கேப்சர், அவ்வளவுதான். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஃபாஸ்ட்டா ஓட்டி எல்லாம் ஏத்த முடியாது. டீ குடிச்சிட்டு வாங்க.

ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வரும். பயந்துடாதீங்க. டேப்புல இருக்கிறதை அப்படியே ஒரு புள்ளி குறையாம எடுத்தா அவ்வளவுதான் வரும். என் முதல் ஃபைல் இருபது நிமிஷத்துக்குக் கிட்ட வந்து பொட்டுன்னு நின்னுச்சு. பென்டிரைவ் ஃபேட்32-ல இருந்ததால 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வாங்காதாம். மூணாவது வருஷம் படிக்கிறேன்னு வெளியே சொல்லிடாதீங்க!

வி.எச்.எஸ்., ஹை8 மாதிரி பழைய கேசட்டா? அது வேற ரூட். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரை ஒரு யு.எஸ்.பி. கேப்சர் குச்சியில சொருகணும். ஆனா அதுக்கு ஓடுற டெக் வேணுமே? உலகத்துல கடைசியா வி.சி.ஆர். செஞ்சுட்டு இருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி, 2016 ஜூலையோட நிறுத்திடுச்சு. இனி இருக்கிறதைத் தட்டிக் கொட்டித்தான் ஓட்டணும்.

இது ஏதோ என் வீட்டுப் புலம்பல்னு நினைக்காதீங்க. ஆஸ்திரேலியாவோட தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லயே ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. 2025-க்குள்ள மாத்தாத டேப் எல்லாம் கிட்டத்தட்ட போனதுதான்னு. டேப் கெடுறது ஒரு பக்கம், அதை ஓட்டுற மெஷினும், ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச கையும் இல்லாம போறது இன்னொரு பக்கம். அவங்க சொன்ன கெடுவைத் தொட்டுட்டோம், பாஸ்!

நம்ம பக்கத்துக்கு இது இன்னும் பெரிய விஷயம். சுரங்கத்துக்கு இடம் கொடுத்துட்டு வேற இடத்துல குடியேறின குடும்பங்கள் இங்க எத்தனை! என் கிளாஸ்மேட் ஒருத்தியோட வீட்டுல இப்படி ஒரு கேசட் இருக்கு. பழைய ஊர் அம்மன் கோயில் கூழ் ஊத்தின வீடியோ. அந்தக் கோயில், அந்தத் தெரு, அந்த வேப்பமரம் எதுவுமே இப்ப இல்லை, அந்த இடமே பள்ளம். கூகுள் மேப்ல தேடினாலும் கிடைக்காத ஊர் அந்தக் கேசட்டுல இருக்கு. அவளை இழுத்துட்டுப் போய் அதையும் அண்ணன்கிட்ட கொடுத்தாச்சு.

ஏத்தி முடிச்சதும் அந்த 13 ஜிபி ஃபைலை அழிச்சிடாதீங்க. ரெண்டு ஹார்டு டிஸ்க்ல, ரெண்டு வேற வீட்டுல வைங்க. வாட்ஸ்அப்புக்கு வேணும்னா சின்னதா ஒரு காப்பி போட்டுக்கலாம். அப்ப ‘டி-இன்டர்லேஸ்’ பண்ண மறக்காதீங்க, இல்லேன்னா கையை ஆட்டும்போதெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும். கேசட்டையும் தூக்கிப் போடாதீங்க.

இன்னொரு விஷயம். எடுத்த தேதியும் நேரமும் மினிடிவி டேப்புக்குள்ளேயே பதிவாகியிருக்கும். எங்க வீடியோவுல காது குத்துற நேரம் 10.45-னு காட்டுச்சு. “வெள்ளிக்கிழமை ராகு காலத்துலயா என் பேத்திக்குக் காது குத்துனீங்க?”ன்னு ஆயா அப்பாவைப் பிடிபிடின்னு பிடிச்சிடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, கேமரா கடிகாரம் சிங்கப்பூர் நேரத்துல ஓடியிருக்கு. ரெண்டரை மணி நேரம் கழிச்சா 8.15. அப்பா தப்பிச்சார்!

தாத்தா? வந்தார். தாய்மாமன் மடியில உட்கார வெச்சுத்தானே காது குத்தணும்? அதனால மாமா கேமராவை அப்பா கையில கொடுத்திருக்கார். அப்பாவுக்கு ஆஃப் பண்ணத் தெரியலை. நான் கத்தின கத்துல பதறி, கேமராவைக் கயித்துக் கட்டில்ல படுக்க வெச்சிட்டு ஓடியிருக்கார். பதினோரு நிமிஷம் அது பாட்டுக்கு ஓடியிருக்கு. ஸ்க்ரீன்ல தோப்பு மொத்தமும் பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கு. நடுவுல ரெண்டு கால், வேட்டி ஓரம். சமையல்காரர்கிட்ட தாத்தா பேசுறார். அந்த ஓரத்து மரம் இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கு, இந்த மரம் ஏமாத்திடுச்சு, கொட்டைக்கு என்ன வெலை சொல்றான்... கரகரன்னு, கொஞ்சம் சளி பிடிச்ச குரல். நடுவுல என் அழுகையைக் கேட்டுட்டு, “யே, புள்ளைக்கு ஒரு பழத்தப் பறிச்சுக் குடுங்கடா!”

வீடியோவை நிமிர்த்தி வைக்கிறது ரெண்டு கிளிக் வேலை. வெச்சும் காட்டினேன். ஆயா ஒத்துக்கலை. கழுத்தை ஒரு பக்கமா சாய்ச்சுக்கிட்டு, டி.வி.க்குக் கிட்ட போய், சாஞ்சு கிடந்த மரங்களை விரலால ஒவ்வொண்ணா தொட்டு, எது எதுன்னு சொல்லிட்டே வந்துச்சு. அது சொன்னதையெல்லாம் நான் என் போன்ல பதிவு பண்ணிட்டேன்.

இன்னும் ரெண்டு கேசட் பாக்கி. ஒண்ணுல ஓரமா வெள்ளையா ஏதோ தெரியுது. அதைத் தொடலை. இன்னொண்ணை எடுத்துக்கிட்டு இந்த ஞாயித்துக்கிழமை அண்ணன் கடைக்குப் போறேன்.