சீனி வேண்டாம்... சீனி வேண்டும்!



நவம்பர் 14 என்ன நாள்? "குழந்தைகள் தினம்!" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நேரு மாமாவின் பிறந்தநாள். அதே தேதியில் இன்னொருவரும் பிறந்திருக்கிறார். 1891-ல் கனடாவில் பிறந்த ஃபிரெடெரிக் பேண்டிங் என்ற மருத்துவர். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அதனால் நவம்பர் 14 உலக நீரிழிவு நாளும்கூட. மிட்டாய் கொடுக்கிற நாளும் சர்க்கரை நோய் நாளும் ஒரே நாளில் வருவது வேடிக்கைதான்.

போன வருஷம் வரை எனக்கும் இது வெறும் வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது அப்படி இல்லை.

அன்று சஷ்டி

எங்கள் ஆச்சிக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை நோய். கந்தசஷ்டி அன்று விரதம். காலையில் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுவிட்டாள். ஆனால் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் வீட்டில்.

பதினொரு மணி இருக்கும். ஆச்சிக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து அம்மாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். விரதக் களைப்பு என்று நினைத்தேன். "ஆச்சி, காப்பி தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஓடிப்போய்ப் போட்டேன். சர்க்கரை நோய் ஆயிற்றே! மறக்காமல் சீனி போடாமல் கொண்டுவந்தேன்.

நல்லவேளை, பக்கத்து வீட்டு அத்தை வந்தார். ஆச்சியைத் தொட்டுப் பார்த்தார். நேரே அடுக்களைக்குப் போய் மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொண்டுவந்து, ஆச்சியை நிமிர்த்தி உட்காரவைத்துக் குடிக்கச் செய்தார். "ஏ பிள்ள, சீனி இல்லாத காப்பியையா குடுத்த!" என்று என்னைச் சத்தம் போட்டார். பத்து நிமிஷம் கழித்து அவர் வீட்டுச் சின்ன மெஷினில் ஆச்சியின் விரலைக் குத்திப் பார்த்தால் 62. சீனித் தண்ணீர் குடித்த பிறகும் 62! அதற்கு முன் எவ்வளவு இருந்திருக்கும்?

கொஞ்ச நேரத்தில் ஆச்சி தெளிந்து, "என்னட்டி, எல்லாரும் ஏன் சுத்தி நிக்கிய?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். கணையத்தின் படத்தை வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒருவர் மயங்கும்போது என்ன கொடுக்க வேண்டும் என்று தெரியவில்லை. அதன் பிறகு டீச்சரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாம் கடைசியில் குளுக்கோஸ் ஆகி இரத்தத்தில் சேரும். அது உடம்பின் செல்லுக்குள் போனால்தான் சக்தி. செல்லின் கதவைத் திறக்கும் சாவிதான் இன்சுலின். கணையம் அதைச் சுரக்கிறது.

சாவியே இல்லாமல் போனால் அது முதல் வகை. பெரும்பாலும் நம் வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. இவர்களுக்கு இன்சுலின் ஊசி கட்டாயம். சாவி இருந்தும் பூட்டு சரியாகத் திறக்காமல், போகப் போகச் சாவியும் குறைந்தால் அது இரண்டாம் வகை. ஆச்சிக்கு இருப்பது இதுதான். பெரும்பாலோருக்கு வருவதும் இதுதான். உடல் எடை, உட்கார்ந்தே இருப்பது, பரம்பரை எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவரும்.

உள்ளே போக முடியாத குளுக்கோஸ் இரத்தத்தில் தேங்கி, சிறுநீரில் இறங்கும். கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், தீராத தாகம். நீர் இழிவதால் 'நீரிழிவு'. பேரிலேயே அறிவியல் இருக்கிறது, பாருங்கள்.

இன்சுலின் வருவதற்கு முன் முதல் வகை வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. 1921-ல் டொரன்டோவில் பேண்டிங்கும் அவருடைய உதவியாளர் பெஸ்ட் என்ற மாணவரும் ஆராய்ச்சி செய்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். நம் ஒன்பதாம் வகுப்புத் தம்பிகளின் வயது! அவன் பிழைத்தான். 1923-லேயே பேண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எண்களைத் தெரிந்துகொள்வோம்

வெறும் வயிற்றில் பார்க்கும்போது (ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் மில்லிகிராம் கணக்கு):
* 100-க்குக் கீழே – சரி
* 100 முதல் 125 வரை – எல்லைக்கோடு
* 126-ம் அதற்கு மேலும் – சர்க்கரை நோய் (இன்னொரு முறையும் பார்த்து உறுதி செய்வார்கள்)
* 70-க்குக் கீழே – தாழ்சர்க்கரை. இதுதான் உடனடி ஆபத்து!

ஆச்சிக்கு நடந்தது கடைசி வகை. சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வரும் என்று நம்பி மாத்திரை வேலை செய்கிறது. சாப்பாடு வரவில்லை. இருந்த சர்க்கரையும் இறங்கிவிட்டது. மூளைக்குக் குளுக்கோஸ்தான் முக்கிய உணவு. அதனால்தான் பேர் மாறிக் கூப்பிட்டாள்.

பெட்டிச் செய்தி: இதை எழுதி வீட்டில் ஒட்டுங்கள்!
வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு – தாழ்சர்க்கரையாக இருக்கலாம்.
1. நினைவு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனி அல்லது குளுக்கோஸ், தண்ணீரில் கலந்து.
2. 15 நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பார்க்கவும். சரியாகாவிட்டால் இன்னொரு முறை.
3. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வைக்கவும்.
4. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது! மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடவும்.

தட்டில் இருக்கிறது தந்திரம்

"சர்க்கரை வந்தால் சோறே கூடாது, சப்பாத்திதான்" என்று சொல்வார்கள். நானும் நம்பினேன். டாக்டர் சிரித்துவிட்டார். அரிசியிலும் மாவுச்சத்து, கோதுமையிலும் மாவுச்சத்து. ஆறு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு "நான் சோறு தொடவில்லை" என்றால் கணையத்தை ஏமாற்ற முடியுமா? அளவுதான் முக்கியம்.

அவர் சொன்ன வழி சுலபம். தட்டை மனசுக்குள் நாலு பாகமாகப் பிரியுங்கள். இரண்டு பாகம் காய், கீரை. ஒரு பாகம் பருப்பு, சுண்டல், மீன், முட்டை. மிச்சம் ஒரு பாகம் மட்டும் சோறு. எங்கள் வீட்டில் இது தலைகீழாக இருந்தது! மலைபோல் சோறு, ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவு பொரியல். உருளைக்கிழங்கு, சேனை எல்லாம் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

இன்னும் சில தவறான எண்ணங்கள்:
* "வெல்லம், கருப்பட்டி, தேன் பரவாயில்லை." – தவறு. இவையும் சர்க்கரையை ஏற்றும்.
* "கேழ்வரகுக் கூழ் எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்." – தவறு. மாவாக்கிக் கூழாகக் காய்ச்சினால் சீக்கிரம் செரித்து இரத்தத்தில் ஏறும்.
* "பழம் தொடவே கூடாது." – தவறு. அளவாகக் கொய்யா, ஆப்பிள் கடித்துச் சாப்பிடலாம். ஜூஸ்தான் வேண்டாம்.
* "சர்க்கரை இறங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம்." – பெரிய தவறு. மாத்திரை சாப்பிடுவதால்தான் இறங்கியிருக்கிறது!

கடைசித் தவறை ஆச்சியும் செய்திருக்கிறாள். யாரோ கொடுத்த பச்சிலைப் பொடியை நம்பி இரண்டு மாதம் மாத்திரையை நிறுத்தினாள். அடுத்த முறை பார்த்தபோது 340.

நட, நட!

நடக்கும்போது தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. வாரம் 150 நிமிஷம் வேக நடை போதும். அதாவது ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். ஆனால் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுத்து, முள் குத்தினாலும் தெரியாமல் செய்துவிடும். சின்னப் புண், காலையே எடுக்கும் வரை போவது உண்டு. கண்ணையும் சிறுநீரகத்தையும் வருஷம் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இது தாத்தா பாட்டி நோயா?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இன்னும் 13 கோடிக்கு மேல் எல்லைக்கோட்டில்.

அந்த 13 கோடியில் எங்கள் அப்பாவும் ஒருவர். ஆச்சி விஷயத்துக்குப் பிறகு நான் அடம்பிடித்து அழைத்துப் போனேன். வெறும் வயிற்றில் 118. அப்பா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது டீக்கடையில் வண்டியை நிறுத்தி, "மாஸ்டர், சீனி கம்மி" என்றார். அவ்வளவுதான்.

எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கொஞ்சம் எடை குறைத்து வாரம் 150 நிமிஷம் உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்தது!

நமக்கும் பங்கு உண்டு. 200 மில்லி கோலாவில் சுமார் 20 கிராம் சீனி. நாலைந்து தேக்கரண்டி! பள்ளி வாசல் கடையில் தினமும் ஒன்று என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முடிவாக...

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளில் ஆறு, சாப்பிடும் முறையைப் பற்றியவை. மருந்துக்கென்று அதிகாரம் எழுதி, வள்ளுவர் முதலில் காட்டுவது தட்டைத்தான்.

இந்த வருஷம் சஷ்டிக்கு டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் விரதம் என்று ஆச்சியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். டாக்டர் "பட்டினி வேண்டாம்" என்றார். ஆச்சிக்கு முருகனிடம் வருத்தம். கடைசியில், "வேளைக்குச் சாப்பிட்டுட்டுக் கும்பிட்டா அவன் கோவிச்சுக்கிட மாட்டான்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். காலை இட்லி இரண்டு, சாம்பார், பிறகு கோயில். செருப்புப் போட்டுக்கொண்டு வாசல் வரை!

நண்பர்களே, இன்று ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஆச்சி, தாத்தாவின் பாதத்தைத் தூக்கிப் பாருங்கள், புண் இருக்கிறதா என்று. அப்படியே "மாத்திரை போட்டாச்சா, சாப்பிட்டாச்சா?" என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்றை மட்டும் கேட்டால் போதாது. அது எனக்குத் தெரியும்.

– பதினோராம் வகுப்பு மாணவி, உயிரியல் பிரிவு