காலடிப்பேட்டைச் சாலைகளில் உயிர் காக்கும் கூட்டுப் பொறுப்பு

லாரியும் மக்களும் ஒரே வழியில்

காலடிப்பேட்டையின் நடுவே திருவொற்றியூர் நெடுஞ்சாலை செல்கிறது. கிழக்கே கடலோரமாக எண்ணூர் விரைவுச் சாலை. சென்னைத் துறைமுகத்துக்கும் காமராசர் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் லாரிகள் செல்லும் இந்த வட்டாரத்தில் மீனவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடந்தும் பைக்கிலும் போகிறார்கள். டிரெய்லர் இடப்புறம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தில் வருவதில்லை. வளைவின் உட்புறத்தை ஒட்டி வரும். வலப்பக்கம் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கு இடப்பக்க ஓரம் சரியாகத் தெரியாது. லாரிக்கும் சாலையோரத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியில் பைக்கை நுழைப்பது உயிருக்கே ஆபத்து.

துறைமுகமும் சேர வேண்டும்

எண்ணூர் மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இரு துறைமுகங்கள், மாநில அரசு ஆகியவை கைகோத்தன. கடலோரக் குடும்பங்களுக்கு மாற்று வீடு கிடைக்கும்வரை சாலை விரிவாக்கம் இழுபட்டது. மக்களைச் சேர்க்காமல் சாலை அகலாது என்பதற்கு அதுவே சான்று.

அகலமான சாலை மட்டும் போதாது. துறைமுக வாயிலில் சோதனை தாமதமானால் லாரி வரிசை நீள்கிறது. இரவெல்லாம் வரிசையில் விழித்திருக்கும் ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்கிறார். இதைப் போக்குவரத்துக் காவலர் மட்டும் சரிசெய்துவிட முடியாது. துறைமுக நிர்வாகம், சுங்கத்துறை, லாரி உரிமையாளர்கள் மூவரும் பொறுப்பேற்க வேண்டும். ஓட்டுநர்களுக்குக் கழிப்பறையும் ஓய்விடமும் தருவதும் அதில் அடங்கும்.

எங்கே விபத்து நடக்கிறது?

சாலை விபத்துகளில் தமிழ்நாடு 2016-இல் 17,218 பேரை இழந்தது. 2022-இல் 17,884 பேரை. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்தில் காவல்துறை விபத்து நடந்த இடத்தைப் பதிகிறது. நெடுஞ்சாலை, போக்குவரத்து, மருத்துவத் துறைகளுக்கும் அதில் பங்குண்டு. ஒரே திருப்பத்தில் விபத்து மீண்டும் மீண்டும் பதிவானால், அங்கே விளக்கும் தடுப்பும் நடைபாதையும் அமைய வேண்டும். அமையாவிட்டால் பதிவால் யாருக்கும் பயனில்லை.

பைக்கில் போவோருக்கும் பொறுப்புண்டு. ஹெல்மெட்டைப் பட்டை மாட்டிச் சரியாக அணிந்தால் மூளைக்காய ஆபத்து 74 விழுக்காடு வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அடிபட்டவருக்கு முதல் உதவி

ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பவரும் டீக்கடைக்காரருமே பெரும்பாலும் முதலில் ஓடிவருகிறார்கள். அவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தருவது சுகாதாரத் துறை செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி.

ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கழுத்தை அசைக்கக் கூடாது. மூச்சு தடைபட்டாலொழிய ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். குடிக்கத் தண்ணீர் கொடுக்கக் கூடாது.

அருகில் ராயபுரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைக் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. திட்டத்தின் பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர்ந்துள்ளன. வெளிமாநில லாரி ஓட்டுநருக்கும் இது பொருந்தும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என அஞ்சித் தயங்க வேண்டாம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் உதவுபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. உடனே 108-ஐ அழையுங்கள்.