கனரகக் காலம் – 7: காலி வண்டிதான் கவிழும்

கார் ஓட்டத் தெரிந்த பையன் ஃபோர்க்லிஃப்டை அரை நாளில் பழகிவிடுவான் என்று நம்பும் சூப்பர்வைசர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் குடோன்களில் இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், காரில் பழகிய கைதான் முதல் ஆபத்து. இங்கே ஸ்டியரிங்குக்குத் திரும்புவது பின்சக்கரம். முன்பக்கம் ரேக்கைத் தாண்டிவிட்டது என்று நினைத்து வளைக்கிற நேரத்தில், பின்னால் இருக்கும் கவுன்டர்வெயிட் வெளியே வீசி ரேக்கின் காலை நசுக்கும். அங்கே ஆள் நின்றால் ஆளை.

போன வாரம் பார்த்த லோடு பிளேட் கணக்கு, வண்டி முன்னால் குப்புற விழாமல் இருப்பதற்கு. பக்கவாட்டில் சாய்வது வேறு கதை. சக்கரம் நான்கு என்றாலும், பெரும்பாலான வண்டிகளில் பின் அச்சு நடுவில் ஒரே பின்னில் மாட்டி ஆடிக்கொண்டிருக்கும். அதனால் வண்டி உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில்: முன்சக்கரங்கள் இரண்டு, அந்தப் பின் ஒன்று. கோடு போட்டு இணைத்தால் முன்னால் அகலமாகவும் பின்னால் கூராகவும் ஒரு முக்கோணம் வரும். ஈர்ப்பு மையம் அதற்கு வெளியே போனால் வண்டி சாயும்.

ஃபோர்க்கில் சரக்கு இருந்து, அதைத் தரையிலிருந்து 15, 20 சென்டிமீட்டர் உயரத்திலேயே வைத்து ஓட்டினால், மையம் முன்னே நகர்ந்து முக்கோணத்தின் அகலமான பகுதிக்கு வந்துவிடும். சரக்கை இறக்கியதும் அது பின்னால், கூர்முனைப் பக்கம் போய்விடும். அங்கே பக்கவாட்டில் இடம் குறைவு. ஆனால் லோடு இருக்கும்போது பயந்து பயந்து ஓட்டுகிறவர், இறக்கிய கையோடு ஆக்சிலரேட்டரை மிதித்து ஒரே வெட்டாக வெட்டித் திரும்புவார். ஃபோர்க்கை வேறு இறக்காமல் விட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சாயும்போது குதி என்றுதான் உடம்பு சொல்லும். குதித்தவர் போய் விழும் இடத்திலேயே தலைக்கு மேலிருக்கும் இரும்புக் கூண்டும் வந்து விழும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் செய்ய வேண்டியது நேர் எதிர்: ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உடம்பைச் சாய்த்து உள்ளேயே இருக்க வேண்டும். (நின்றபடி ஓட்டி, பின்பக்கமாக இறங்கும் வகை வண்டிகளில் மட்டும் பின்னால் இறங்கி விலகலாம்.)

சீட் பெல்ட் இல்லாமல் இது நடக்காது. அதைப் போட்டால்தான் கத்துவதை நிறுத்தும் பஸர் வந்தபோது, பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேலேயே உட்காரும் வித்தையும் கூடவே வந்தது. சோம்பேறித்தனம் என்று நிர்வாகம் மெமோ கொடுக்கும். பேலட் சரிந்தால் அடுக்க, லேபிள் பார்க்க, கேட் சீட்டில் கையெழுத்து வாங்க என்று ஷிஃப்டு முழுக்க ஏறி இறங்குகிறவருக்கு மணிக்கு இத்தனை பேலட் என்று டார்கெட் போட்டதும் அதே நிர்வாகம்தான். மெமோ எழுதுவதற்கு முன் அந்த டார்கெட்டைத் திருத்தலாம்.

(அடுத்த வாரம்: சரிவுப் பாதையில் ரிவர்ஸ்)