யாழ்ப்பாணக் கோட்டை கண்ட பயன்கள்

நல்லூரை இராசதானியாகக் கொண்ட சங்கிலி மன்னனை 1619 ஆம் ஆண்டில் வென்ற போர்த்துக்கேயர், அந்நகரை விடுத்துப் பண்ணைக் கடலோரத்தையே தம் இருப்பிடமாகத் தேர்ந்தனர். நாட்டு மக்களின் அன்பை நம்பி ஆளாதவர்க்குக் கப்பலே உறுதுணை. படையும் வெடிமருந்தும் கடல்வழியே வந்து சேரவேண்டும். எனினும் அவர்கள் வெறுநிலத்தைத் தேர்ந்தாரல்லர். அண்மைக்கால அகழாய்வுகளிற் கிடைத்த முற்காலத்து மட்பாண்டங்களும் சீனப் பீங்கான் துண்டுகளும் அவ்விடம் பழைய வாணிகத் துறை என்பதைப் புலப்படுத்துகின்றன. இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்கள் இக்கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

1658 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் ஏறக்குறைய மூன்று மாதம் முற்றுகையிட்டு இதனைக் கைப்பற்றினர். பின்னர் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஐங்கோண வடிவில் அதனைப் புதிதாக அமைத்தனர். மூலைதோறும் கொத்தளம் முன்நீட்டி நிற்கும். ஒரு கொத்தளத்திலிருந்து சுடுவோர் அடுத்த மதிலின் அடிவரை காப்பர். பகைவன் ஒதுங்கி நிற்க மறைவிடம் ஏதுமில்லை. மதிலைச் சூழ அகழி. அகழிக்கு அப்பால் வெளியரண்கள். உள்ளே 1706 இற் சிலுவை வடிவில் தேவாலயம் ஒன்றும் எழுந்தது. வெளியரண்கள் யாவும் நிறைவெய்தியது 1792 இல். மூன்றே ஆண்டுகளில், 1795 இல், ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை போரின்றியே கைமாறிற்று! நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரு வேட்டுமின்றி முடிந்தது.

ஆங்கிலேயர்க்கு இஃது அரணாகப் பயன்பட்டதிலும் அலுவலகமாகப் பயன்பட்டதே மிகுதி. தேசாதிபதி வருங்கால் தங்கும் மாளிகையும் அலுவலர் மனைகளும் மதிலுக்குள் இருந்தன. பின்னாளிற் புகழ்பெற்ற எழுத்தாளரான லெனாட் வூல்ப், 1905 இல் இளம் அலுவலராக வந்து மதிலின்மேல் அமைந்த மனையொன்றில் வாழ்ந்தார். மறியற்சாலையும் உள்ளேயே இருந்தது. ஆகவே பட்டணத்தார் பலர் கோட்டையின் உட்புறத்தைக் கண்டது குற்றவாளியாகவோ குற்றவாளியின் உறவினராகவோதான். ஊருக்கு நடுவே இருந்தும் ஊராருக்கு அஃது அந்நிய நிலமாகவே இருந்தது.

1980 களில் அது மீண்டும் பாசறையாயிற்று. 1990 ஆம் ஆண்டு யூன் முதல் செத்தெம்பர் வரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட, அரச படையினர் உள்ளிருந்து பொருதனர். ஒல்லாந்தர் எதிர்பார்த்திருந்த முற்றுகை இவ்வாறு காலங்கடந்து வந்தது. ஆனால் பீரங்கிக் குண்டுக்கென அளவிட்ட மதில், விமானத்தை எண்ணிக் கட்டியதன்று. சூழ்ந்திருந்த பட்டணப்பகுதியும் பாழாயிற்று. 1995 இற் கோட்டை மீண்டும் அரச படையினர் வசமாயிற்று. போர்க்காலத்தில் மதிலின் பகுதிகள் பல இடிந்தன, தேவாலயமும் அழிந்தது.

2009 இற் போர் முடிந்தபின் நெதர்லாந்து அரசின் உதவியுடன் மதில்கள் புதுக்கப்பட்டன. எக்காலத்துக் கோட்டையைப் புதுக்குவது என்னும் வினா அப்பணியோடு எழுவது இயல்பே. ஒல்லாந்தர் மதிலை மட்டும் நிமிர்த்தினால், அதன்கீழ்க் கிடக்கும் பழந்துறையும் அதன்மேற் பட்ட குண்டின் வடுவும் கண்ணுக்கு மறைந்துவிடும். மாலை வேளையிற் பட்டணத்தார் குடும்பத்தோடு மதிலேறிப் பண்ணைக் கடலை நோக்குகின்றனர். தேவாலயம் நின்ற இடத்திற் கற்குவியலும் சுவரின் எச்சமுமே உள.